ட்ரெட்மில் வாங்கும் முன்

கோபிசெட்டிபாளையம்

அன்புக் கண்ணுக்கு,

தவணையில் ட்ரெட்மில் எடுக்கப் போவதாக உன் அம்மா போனில் சொன்னாள். வாங்குவது உன் இஷ்டம், அப்புச்சி குறுக்கே நிற்கப் போவதில்லை. முதுகுவலி என்று மாத்திரை போடுவதாகவும் சொன்னாள். அன்றிலிருந்து அம்மாயிக்குத் தூக்கமில்லை. திண்ணையில் விடிய விடியப் பேச்சுத்துணைக்கு ஆள் இருப்பதால் சமாளிக்கிறாள்.

வீட்டுக்குள்ளேயே உடம்பைத் தேற்றும் ஆசை பழசுதான். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்றிருந்த ஊர்களுக்குள் எழுபது, எண்பதுகளில் பத்திரிகை விளம்பரம் வழியாகப் புல்வொர்க்கர் கருவி வந்தது. தபாலில் வரவழைத்த உன் பெரிய மாமனின் வேகம் தை நோம்பி வரை தாங்கியது. அமெரிக்காவில் 1982-ல் நடிகை ஜேன் ஃபோண்டா வீடியோ கேசட் போட்டார், டி.வி. முன்னால் குதிப்பது அங்கே பேஷனாயிற்று. நம்மூருக்குக் கேபிள் வந்த பிறகு தொப்பை குறைக்கும் பெல்ட். 2020 ஊரடங்கில் எல்லாரும் யூடியூப்பைப் பார்த்துக் குதித்தார்கள், நீயும்தான்.

ஜப்பானில் 1928-ல் தொடங்கிய வானொலி உடற்பயிற்சி மட்டும் இன்னும் ஓடுகிறது. காலையில் ரேடியோவில் பியானோ கேட்டதும் பூங்காவில் கூடி, கிழவர்களும் குழந்தைகளும் சேர்ந்து கையைக் காலை ஆட்டுகிறார்கள். காசு கொடுத்து வாங்க அதில் ஒன்றுமே இல்லை.

அப்படி ஒன்று நமக்கும் இருந்தது, கண்ணு. பள்ளிக்கூடத்து டிரில் பீரியடு. அதை முதலில் கணக்கு வாத்தியார் கடன் கேட்டார், பிறகு திருப்பியே தரவில்லை. விசில் ஊதிச் சம்பளம் வாங்கிய இந்த அப்புச்சி ஸ்டாப் ரூமில் எத்தனை முறை கத்தியும் பயனில்லை. உன்னைச் சேர்த்த அந்த ஹாஸ்டல் பள்ளியில் இன்னும் மோசம். கபடியில் பையன்களையே மடக்கிய பிள்ளையை விடிகாலை முதல் ராத்திரி வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மார்க் வந்தது, சரவணம்பட்டியில் வேலையும் வந்தது. இன்று உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அன்றைக்கே உன் அப்பனிடம் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. போகட்டும்.

போகட்டும் என்றாலும் மனசு விடுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர் என்கிறது. நம் வீட்டில் அது யாரை விட்டது? பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கேட்டது அவ்வளவுதான். ஓடும் பட்டை வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை.

நீ இருக்கும் அதே கோவையில் வாழ்ந்தவர் நானம்மாள். 1920-ல் பிறந்தவர், பொள்ளாச்சிப் பக்கம் ஜமீன் காளியாபுரம். அப்பாவிடம் கற்ற யோகாசனத்தைப் பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும் பழக்கினார். 2018-ல் பத்மஸ்ரீ, மறுவருடம் 99 வயதில் மறைந்தார். வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியைச் சொல்லித்தர நம் பக்கம் ஊருக்கு ஊர் மனவளக்கலை மன்றம் உண்டு. அதில் வரும் மகராசனத்துக்கு ஒரு பவானி ஜமுக்காளம் போதும். ஆசனம் சலிப்பென்றால் வள்ளி கும்மி பழகலாம். மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் அய்யா அதில் பெண்களையும் ஆட வைத்தவர். 2024-ல் பத்மஸ்ரீ வாங்கும்போது அவருக்கு 87 வயது. இதிலெல்லாம் பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள். ஒருநாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். ட்ரெட்மில் கேட்காது.

இவ்வளவு எழுதியும் முடிவு உன்னுடையதுதான். வாங்கியே தீர வேண்டுமென்றால் தவணை வேண்டாம், பாதிப் பணம் அப்புச்சியின் பென்சனில் இருந்து வரும். உன்னைப் போலக் கெட்டிக்காரப் பிள்ளை இந்தத் தெருவிலேயே கிடையாது. மார்கழியில் பாரியூர் குண்டத்துக்கு லீவு போட்டு வா, அம்மாயி கச்சாயம் சுட்டு வைப்பாள். அதற்கு முன்னால் அந்த முதுகை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டிவிட்டு, என்ன சொன்னார் என்று மறைக்காமல் எழுது.

அன்புடன்,
அப்புச்சி