நண்பர்கள் முன்னிலையில் நடக்கும் திருமணம் செல்லுமா?

கேள்வி: சுயமரியாதை முறையில் மணம் செய்யவிருக்கும் இரு நண்பர்களின் திருமணத்துக்குப் பெற்றோரும் உறவினரும் வரப்போவதில்லை. நண்பர்கள் மட்டும் கூடியிருக்க நடக்கும் திருமணம் சட்டப்படி செல்லுமா? மாலையில் வைக்கப்படும் வரவேற்பு விருந்துக்குச் சட்ட மதிப்பு உண்டா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: மணமக்கள் இருவரும் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருபவர்களாக இருந்தால், அத்திருமணம் முழுமையாகச் செல்லும். புரோகிதரும் வேள்வித் தீயும் இன்றி நடக்கும் சுயமரியாதைத் திருமணங்கள் 1920களிலிருந்தே தமிழகத்தில் நடந்துவந்தபோதிலும், 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய திருமணம் ஒன்றைச் செல்லாது என்று கூறியதால், அவ்வாறு மணந்த பலருடைய வாழ்வுரிமையும் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாயின. அண்ணா தலைமையிலான அரசு 1967இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் 7அ என்னும் பிரிவைச் சேர்த்து இக்குறையைப் போக்கியதோடு, முன்னர் நடந்த அத்தகைய திருமணங்களுக்கும் ஏற்பு அளித்தது.

உறவினர்கள், நண்பர்கள் அல்லது பிறர் முன்னிலையில், மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக அறிவிப்பதோ, மாலையோ மோதிரமோ அணிவித்துக்கொள்வதோ, தாலி கட்டுவதோ போதும் என்பதே அப்பிரிவின் சாரம். சட்டம் நண்பர்களை உறவினருக்கு இணையாகவே வைக்கிறது. திருமணத்தை ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவுபடுத்தியது. ஆயினும் மணமகளுக்கு 18, மணமகனுக்கு 21 வயது நிறைந்திருத்தல், இருவருக்கும் உயிருடன் உள்ள வேறு துணை இல்லாதிருத்தல் முதலிய அடிப்படை நிபந்தனைகள் இங்கும் பொருந்தும். மணமக்கள் வெவ்வேறு மதத்தினராயின், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் தேவை. அச்சாட்சிகளும் நண்பர்களாக இருக்கலாம்.

வரவேற்பு விருந்து ஒரு சமூக வழக்கமேயன்றித் திருமணத்தின் உறுப்பு அன்று. உரிய சடங்கின்றி, பதிவுச் சான்றிதழ் மட்டுமே ஓர் இந்துத் திருமணத்தை உருவாக்கிவிடாது என்று 2024இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், திருமணம் ஆடல் பாடலுக்கும் விருந்துக்குமான நிகழ்ச்சி அன்று என்பதையும் வலியுறுத்தியது. எனவே விருந்துக்கு மட்டும் வந்து வாழ்த்திய நூறு பேரைவிட, மாலை மாற்றியதை நேரில் கண்ட இருவரின் சாட்சியமே பின்னாளில் வழக்கு எழுந்தால் வலுவுடையது. எனினும், உறவினர் விலகி நிற்கும் வேளையில் அந்த விருந்து மணமக்களுக்குத் தரும் மனவலிமையையும் சமூக ஏற்பையும் சிறிதாகக் கருதுவதற்கில்லை.

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009இன்படி, திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும். ஆகவே நண்பர்கள் மாலை விருந்தோடு நின்றுவிடாமல், காலையில் மணம் நடக்கும் இடத்திலேயே உடனிருந்து, பின்னர் சார்பதிவாளர் அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்திடவும் முன்வர வேண்டும். மணமக்களுக்கு அவர்கள் அளிக்கக்கூடிய பரிசுகளில் இதுவே தலையாயது.