மாதவிடாய் நிறுத்தமும் ஹார்மோன் சிகிச்சையும்: குடும்ப வரலாற்றை எடைபோடுதல்

முன்னுரை

பெண்ணின் வாழ்வைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்களாகத் தமிழர் பகுத்தனர். ஏழாவதான பேரிளம்பெண் பருவம் 40 வயதோடு முடிகிறது. அதற்குப் பின் வருவதற்கு அந்த வரிசையில் பெயரே இல்லை. பெண் வயதுக்கு வந்தால் மஞ்சள் நீராட்டு வைத்து ஊரைக் கூட்டுகிறோம். மாதவிடாய் நின்றால் "நின்னுபோச்சு" என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொள்கிறோம்.

நான் ஜொகூர், லாயாங் லாயாங் பகுதிச் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றேன். 'புத்துஸ் ஹைட்' என்ற மலாய்ச் சொல்லை அங்கே அறிந்துகொண்டேன். 'மாதவிடாய் நிறுத்தம்' என்ற தமிழ்ச் சொல் அதற்குப் பின்னரே எனக்குத் தெரிந்தது. 51 வயதான என் அம்மாவுக்கு இது ஏற்பட்டபோது, இதைப் பற்றிப் பேச எங்கள் வீட்டில் சொல் இருக்கவில்லை. நான் மருத்துவ மாணவி அல்லேன், புள்ளியியல் படிப்பவள். ஆயினும் இதில் எண்களைச் சரியாகப் படிப்பதும் ஒரு பாதி என்பதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

மாதவிடாய் நிறுத்தம் என்றால் என்ன?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்வர். மலேசியப் பெண்களுக்குச் சராசரியாக 50 வயதையொட்டி இது நிகழ்கிறது. சூலகம் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரப்பது குறைந்துவிடுவதே காரணம். உடலில் திடீர் வெப்பம், இரவு வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல், பிறப்புறுப்பில் வறட்சி ஆகியவை தோன்றும். பிற்பாடு எலும்பும் தேயலாம். விடிகாலையில் பெரட்டுக்குப் போகவேண்டிய பெண் இரவில் மூன்று முறை வியர்த்து எழுந்தால் அவருடைய மறுநாள் என்னவாகும்? "எல்லாருக்கும் வர்றதுதானே" என்று தள்ளிவிடக்கூடிய துன்பம் அன்று அது.

குறைந்த ஹார்மோனை மருந்தாகக் கொடுப்பதே ஹார்மோன் சிகிச்சை. கருப்பை அகற்றப்பட்டவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். கருப்பை உள்ளவருக்கு அதனுடன் புரோஜெஸ்டோஜனும் சேர்க்க வேண்டும். இல்லாவிடில் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வர வாய்ப்புண்டு. இந்த உண்மை 1975இல் வெளிவந்த ஆய்வுகளால் தெரியவந்தது. மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை, களிம்பு எனப் பல வடிவங்களில் இம்மருந்துகள் உள்ளன.

2002ஆம் ஆண்டின் அதிர்ச்சி

அமெரிக்காவில் 'பெண்கள் உடல்நல முயற்சி' என்ற பேராய்வு நடைபெற்றது. 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்கள் கலந்துகொண்ட அதன் கூட்டு மருந்துப் பிரிவு, 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு அதிகம் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. பெண்கள் பலர் அச்சத்தில் மருந்தைக் கைவிட்டனர்.

26 விழுக்காடு என்பது எதில்? மருந்து எடுக்காத 10,000 பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு நோய் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 38 பேருக்கு வந்தது. வேறுபாடு எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரும் மனிதர்களே. ஆனாலும் "26 விழுக்காடு" என்று கேட்கும்போது எழும் அச்சமும் "பத்தாயிரத்தில் எட்டு" என்று கேட்கும்போது எழும் எண்ணமும் ஒன்றல்ல. மேலும் அப்பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழித்து மருந்தைத் தொடங்கியவர்கள் அவர்களில் பலர். கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை.

அதே வேளையில் ஆபத்தே இல்லை என்று துள்ளிக் குதிக்கவும் இடமில்லை. 2019இல் லேன்செட் இதழில் உலகளாவிய ஆய்வுகளின் தொகுப்பு வெளியானது. அதன்படி 50 வயதில் தொடங்கி ஐந்தாண்டு கூட்டு மருந்தை நாள்தோறும் எடுத்தால், அடுத்த 20 ஆண்டுகளில் 50 பெண்களில் ஒருவருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வரும். ஈஸ்ட்ரோஜன் மட்டுமெனில் 200 பேரில் ஒருவருக்கு. இவை மேலைநாட்டுப் பெண்களின் கணக்கு. மலேசியாவில் அடிப்படை அளவே குறைவு. 2025 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இம்மருந்துகளின் உறைகளில் இருந்த கடும் எச்சரிக்கைகளில் பலவற்றை நீக்குவதாக அறிவித்தது. 60 வயதுக்கு முன்னர், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்கும் நலமுள்ள பெண்ணுக்கு நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவக் கருத்து.

குடும்ப வரலாறு என்பது ஒன்றல்ல

அப்படியானால், குடும்பத்தில் புற்றுநோய் இருந்தால் என்ன செய்வது? கிளினிக்கில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா?" என்பதுதான். அம்மா "இல்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் 'புற்றுநோய்' என்று யாரும் சொன்னதில்லை. பெரியம்மா 46 வயதில் 'மார்ல கட்டி' வந்து இறந்தார். அம்மாவின் சின்னம்மா 'வயித்துல கட்டி' வந்து இறந்தார். 'அந்த நோய்' என்று மட்டும் மெல்லிய குரலில் பேசப்படும். பெண் கேட்டு வருபவர்கள் பயந்துவிடுவார்கள் என்ற கவலையும் அதில் உண்டு.

மருத்துவரின் தராசுக்கோ நான்கு செய்திகள் தேவை.

முதலாவது, எந்த உறுப்பு? 'வயித்துல கட்டி' என்பது சூலகமா, கருப்பையா, பெருங்குடலா? சூலகம் என்றால், இளவயது மார்பகப் புற்றுநோயோடு சேர்த்துப் பார்க்கும்போது பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றத்தை ஐயுற வேண்டும். பெருங்குடல் என்றால் கதை வேறு. 2002 ஆய்வில் கூட்டு மருந்து எடுத்தவர்களிடம் அந்நோய் குறைவாகவே காணப்பட்டது. ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன.

இரண்டாவது, எந்த வயதில்? 75 வயதில் வந்த நோயைவிட 50க்கு முன் வந்த நோய் மரபுவழியை வலுவாகச் சுட்டும்.

மூன்றாவது, எவ்வளவு நெருங்கிய உறவு, எத்தனை பேர்? தாய், உடன்பிறந்தவள், மகள் ஆகியோர் முதல் நிலை உறவினர். என் அம்மாவுக்குப் பெரியம்மா முதல் நிலை. எனக்கு இரண்டாம் நிலை.

நான்காவது, எந்தப் பக்கம்? "அது அப்பா வழி, நமக்கு வராது" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. மரபணு பாதி தந்தையிடமிருந்து வருகிறது. ஆகவே அத்தைக்கு வந்த நோய் அம்மாவின் கணக்கில் சேராது. என் கணக்கில் சேரும். சொந்தத்தில் மணமுடித்த குடும்பங்களில் ஒரே அத்தை இரு பக்கக் கணக்கிலும் வரக்கூடும்.

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தது என்பதாலேயே ஹார்மோன் சிகிச்சை மறுக்கப்படுவதில்லை. மருந்தால் கூடும் ஆபத்து, குடும்ப வரலாறு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவே என அந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் முன்னவரின் தொடக்க அளவே சற்று உயரத்தில் இருக்கிறது. தமக்கே மார்பகப் புற்றுநோய் வந்தவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் பொதுவாக இச்சிகிச்சை தவிர்க்கப்படுகிறது. சுவீடனில் அத்தகையோரிடம் நடந்த ஆய்வில் நோய் மீண்டும் வருவது கூடியதால் அது 2003இல் நிறுத்தப்பட்டது.

நம் நாட்டு நிலை

தேசியப் புற்றுநோய்ப் பதிவகத்தின் 2007 - 2011 அறிக்கைப்படி, வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சீனப் பெண்களில் 22 பேரில் ஒருவருக்கு, இந்தியப் பெண்களில் 24 பேரில் ஒருவருக்கு, மலாய்ப் பெண்களில் 35 பேரில் ஒருவருக்கு உள்ளது. நோய் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய 43 விழுக்காட்டினர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவமனைக்கு வந்தனர். பெயர் சொல்லாத பழக்கத்துக்கும் இந்தத் தாமதத்துக்கும் தொடர்பு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

ஹார்மோன் வேண்டாம் என்று முடிவெடுப்போருக்கும் வழி உண்டு. வென்லாபாக்சின், கேபாபென்டின் போன்ற மருந்துகள் வெப்பத்தைக் குறைக்கின்றன. ஹார்மோன் அல்லாத ஃபெசொலினெட்டன்ட் 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வறட்சிக்கு மட்டும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு உண்டு. அது இரத்தத்தில் மிகச் சிறிதளவே கலக்கிறது. காச்சிப் பாத்திமா போன்ற மூலிகைகளை 'இயற்கைதானே' என்று குடிப்பவர்கள், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்றபின் மீண்டும் உதிரம் கண்டால் உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

நாம் செய்யவேண்டியது

அம்மாவின் சின்னம்மாவைக் கடைசியில் பார்த்துக்கொண்ட ரெங்கம் பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டேன். "ஏம்மா அதெல்லாம் இப்ப?" என்றார். காரணத்தைச் சொன்னதும், "நீர் கட்டி வயிறு வீங்கிப் போச்சும்மா. ரெண்டு தடவ நீர் எடுத்தாங்க. கர்ப்பப்பைக்குப் பக்கத்துலன்னு டாக்டர் சொன்னாரு" என்றார். இது உறுதியான சான்று அன்று. ஆனால் சூலகத்தை நோக்கிக் கைகாட்டும் செய்தி. அதைக் கேட்ட மருத்துவர் அம்மாவை முதலில் மேமோகிராமுக்கும், பின் மரபணு ஆலோசனைக்கும் அனுப்ப முடிவு செய்தார். ஹார்மோன் மருந்து பற்றிய முடிவு அதற்குப் பிறகுதான். இரவு வெப்பத்துக்கு இப்போது வேறு மருந்து எடுக்கிறார்.

நண்பர்களே, இந்த விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது ஒரு தாளில் இரு பக்க உறவினரையும் எழுதுங்கள். யார், எந்த உறுப்பு, எந்த வயது என்ற மூன்று கட்டங்கள் போதும். பழைய மருத்துவமனை அட்டைகள் இருந்தால் எடுத்து வையுங்கள். அம்மா சொக்சோ உறுப்பினராக இருந்தால், 2013இல் சொக்சோ தொடங்கிய 40 வயதுக்கு மேற்பட்டோருக்கான உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். பெண்களுக்கு மேமோகிராமும் அதில் அடங்கும்.

மருந்து எடுப்பதா வேண்டாமா என்பது அம்மாவின் முடிவு. வழிகாட்டுவது மருத்துவரின் கடமை. அவர்கள் இருவருக்கும் தேவையான செய்தியோ பாட்டிமார்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்போம். நோயை அதன் பெயரால் அழைப்போம்.