குறண்டிப் பள்ளி

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில் காரியாபட்டி என்னும் ஊர் உள்ளது. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சூழ்ந்து, மழையை நோக்கிப் பயிர் செய்யும் புன்செய் நிலங்களும் கண்மாய்களும் பரந்து கிடக்கின்றன. இவ்வட்டத்துச் சிற்றூர்களுள் ஒன்று குரண்டி. பழைய கல்வெட்டுகளில் இதன் பெயர் ‘குறண்டி’ என வல்லின றகரத்தோடு காணப்படுகிறது. அக்காலத்தில் இஃது வெண்பு நாடு என்னும் பகுதியில் அடங்கியிருந்தது.

இன்று இவ்வூர் வழியே செல்வோர் இதனை உழவர் வாழும் ஓர் எளிய ஊர் என்றே எண்ணுவர். ஆனால், கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் பாண்டிய நாடு முழுவதும் அறிந்த சமணப் பள்ளி ஒன்று இங்கே விளங்கியது. அதன் பெயர் திருக்காட்டாம்பள்ளி. சமண முனிவர் உறையும் இடம் பள்ளி எனப்பட்டது. அம்முனிவர்கள் ஆங்கே நோன்பு நோற்றதோடு மாணாக்கர்க்கு நூல்களையும் கற்பித்தனர். நாம் நாள்தோறும் வழங்கும் ‘பள்ளிக்கூடம்’ என்னும் சொல்லில் அப்பழைய வழக்கின் சுவடு இன்றும் நிலவுகின்றது என்பர் அறிஞர்.

அழிந்துபோன இப்பள்ளியை நாம் அறிந்தது எவ்வாறு? அதற்குச் சான்று குறண்டிக்கு வெளியே, தொலைவிலுள்ள பாறையொன்றில் கிடைத்தது. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியை அடுத்துச் சமணர்மலை நிற்கிறது. அம்மலையின் ஒருபுறம் செட்டிப்புடவு என்னும் குகை உள்ளது. அதனருகே மகாவீரர் அமர்ந்திருக்கும் பெரிய திருமேனி ஒன்று பாறையிற் செதுக்கப்பட்டுள்ளது. அது யாருடைய உருவம் என்பதை மறந்துவிட்ட பிற்காலத்து மக்கள், நீண்ட காதுகளைக் கண்டு, ‘இவர் ஒரு செட்டியார்’ என்று கருதினர். அதனாலேயே குகைக்கும் அப்பெயர் வாய்த்தது என்பர்.

உண்மையை உரைத்தது அத்திருமேனியின் கீழுள்ள வட்டெழுத்து. பாண்டிய நாட்டில் முற்காலத்தில் தமிழை எழுதுவதற்கு வழங்கிய எழுத்து அது. வெண்பு நாட்டுக் குறண்டியைச் சேர்ந்தவர் அட்டோபவாசி படாரர். அவர் மாணாக்கர் குணசேனதேவர். அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள். இக் கனகவீரரே குயிற்குடி ஊரார் பெயரால் அத்திருமேனியைச் செய்வித்தவர். இச்செய்தியை அக்கல்வெட்டுத் தெரிவிக்கின்றது. ஆசிரியர், மாணாக்கர், அவர்தம் மாணாக்கர் என மூன்று தலைமுறையின் கல்வித் தொடர்பு ஒரு கல்வெட்டில் அடங்கியிருத்தல் காண்க. குயிற்குடி என்னும் ஊர்ப்பெயரும் சிறிது திரிந்து இன்றளவும் வழங்கி வருகிறது.

மற்றொரு சான்று திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்தில் உள்ளது. அங்குள்ள காளைநாத சுவாமி கோயிலில் காணப்படும் பலகைக் கல்வெட்டுகள் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைக் குறிப்பிடுகின்றன. பள்ளி சிதைந்த பின்னர் அதன் கற்கள் இவ்விடம் கொண்டுவரப்பட்டன என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். கட்டடம் மறைந்தது, கற்களோ இடம்பெயர்ந்தும் தம் பிறந்த ஊரை மறவாது கூறுகின்றன.

இத்தகைய எழுத்துகளைப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கல்லை நீரால் கழுவித் தூரிகையால் தூய்மை செய்வர். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் மெல்லத் தட்டுவர். எழுத்துகளின் பள்ளத்துள் தாள் படியும். பின்னர் மையை அதன்மேல் ஒற்றுவர். மேட்டுப் பகுதி கருமையாகும். பள்ளத்திலுள்ள எழுத்து வெண்மையாகத் தோன்றும். இதற்கு மைப்படி என்பது பெயர். 1886-ஆம் ஆண்டில் ஊல்சு என்னும் செருமானிய அறிஞர் அரசாங்கக் கல்வெட்டறிஞராக அமர்த்தப்பெற்ற பின்னர், தென்னாட்டுக் கல்வெட்டுகளைப் படியெடுக்கும் பணி முறையாக நடைபெறலாயிற்று.

எழுத்தை அறியாதார் கையில் அரும்பொருள் படும் பாட்டினைக் கடல் கடந்த நாட்டிலும் காணலாம். நியூசிலாந்தில் கொலென்சோ என்னும் சமயத் தொண்டர், 1836-ஆம் ஆண்டளவில், மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். அது விளிம்பு உடைந்த ஒரு மணி. அதன்மேல் தமிழ் எழுத்துகள் இருந்தன. அது முகையதீன் பக்சு என்பாருடைய கப்பலின் மணி என அவ்வெழுத்துகள் அறிவித்தன. இன்று அது வெலிங்டன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. கொலென்சோவின் கண்ணிற் படாதிருந்தால், அம்மணி அடுப்பிலேயே தேய்ந்து ஒழிந்திருக்கும் அன்றோ?

நம் சிற்றூர்களிலும் எழுத்துடைய கல் துணி துவைக்கும் கல்லாகவோ வாயிற்படியாகவோ கிடத்தல் கூடும். அதனை வெடிவைத்துப் பிளந்தாலும், அதன்மேல் சுண்ணாம்பு பூசினாலும், உளியால் கொத்தினாலும் ஆயிரம் ஆண்டுச் செய்தி ஒரு நாளில் அழியும். பின்னர் அதனை மீட்டல் எவராலும் இயலாது. ஆதலின், இத்தகைய கல்லைக் காணும் மாணவர் அதனைப் பெயர்த்தலும் சுரண்டலும் செய்யாமல், கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் கூறுதல் வேண்டும். ஆசிரியர் வாயிலாக, 1961-இல் தோற்றுவிக்கப்பட்ட தமிழ்நாட்டுத் தொல்லியல் துறைக்குச் செய்தி எட்டும். மண்ணுள் புதையல் கிடைப்பின் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி.

குறண்டியின் ஆசிரியர்கள் கற்பித்த பாடங்கள் நமக்குக் கிட்டவில்லை. அவர்தம் பெயர்களையேனும் நாம் அறிந்தது, பாறையில் எழுதினோர் செய்த அருந்தொண்டினாலும், அதனைப் பொறுமையோடு படித்தோர் முயற்சியினாலுமே ஆகும். எழுதப்பட்டதைக் காத்தல் இனி வரும் மாணாக்கர் கடன்.