தீபாவளி முதல் காணும் பொங்கல் வரை: ஒரு வீட்டுக் கணக்கு



பொங்கல் முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பியாச்சு. பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறினவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. வீட்டில் கரும்புச் சக்கை கூட மிச்சமில்லை. இந்த நேரத்தில்தான் பண்டிகைக் கணக்கைப் பேச வேண்டும். தீபாவளிக்கு முன்னால் பேசினால் யார் காதிலும் ஏறாது, இது நாம் பல வருஷமாகப் பார்த்தது.

2025-ல் தீபாவளி அக்டோபர் 20-ல் வந்தது. காணும் பொங்கல் 2026 ஜனவரி 17. இடையில் கார்த்திகை தீபம், பள்ளிக்கூட அரையாண்டு லீவு. சரியாகத் தொண்ணூறு நாள். இந்தத் தொண்ணூறு நாளில் ஒரு குடும்பத்துக்கு என்ன செலவு, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை நல்லம்பள்ளி பக்கத்தில் ஒரு குழுவில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். கணக்குக் கொடுத்த அக்கா, "எழுதுங்க, ஆனா பேரு வேண்டாம்" என்றார். அதனால் பெயர் இல்லை.

அவர் வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை. மூத்த மகளுக்குப் போன வருஷம் கல்யாணம் ஆனதால் இது தலைதீபாவளி. மகன் ஓசூரில் கம்பெனியில் இருக்கிறான், சின்ன மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். "எவ்வளவு ஆகியிருக்கும்கா?" என்று கேட்டோம். "என்னா, ஒரு பத்துப் பன்னெண்டாயிரம் ஆயிருக்கும்" என்றார்.

எழுத ஆரம்பித்தோம். துணி 6,200. மளிகை, எண்ணெய், வெல்லம் 2,600. பட்டாசு 1,500. கறி 1,800. மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் துணி, சீர் 6,000. போக வர பஸ் செலவு 1,900. பொங்கலுக்கு வெள்ளையடிக்க 1,400, பானை, கரும்பு, மஞ்சள் கொத்து 900, பிள்ளைகளுக்கு மறுபடியும் துணி 2,200, நாத்தனாருக்குப் பொங்கல் சீர் 2,500. கூட்டினால் 27,000 ரூபாய். அக்கா நோட்டை வாங்கி, இரண்டு தடவை விரல் வைத்துக் கூட்டிப் பார்த்தார்.

"இதுல அண்ணன் டாஸ்மாக்குக்குக் கொடுத்தது இருக்குதா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். இல்லை, அது இந்தக் கணக்கில் இல்லை. எந்த வீட்டுக் கணக்கிலும் அந்த வரியை நாம் இதுவரை பார்த்ததில்லை!

அடுத்து, பணம் வந்த வழி. வீட்டுக்காரர் கொண்டுவந்தது 9,000. குழுவில் உள்கடன் 5,000. தோடு அடகு 5,000. மீதி 8,000 ஊரிலேயே ஒருவரிடம் பத்து வட்டிக்கு.

பத்து வட்டி என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். நூறு ரூபாய்க்கு மாசம் பத்து ரூபாய். வருஷத்துக்கு நூறுக்கு நூற்று இருபது. 8,000 ரூபாய்க்கு மாசம் 800. அதிலும் முதல் மாச வட்டியைப் பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது 7,200தான். அக்டோபர் தொடக்கத்தில் வாங்கியது. ஜனவரி கடைசிக்குள் நாலு மாச வட்டி 3,200 போய்விட்டது. அசல் 8,000 அப்படியே இருக்கிறது. குழுக் கடன் ஒரு ரூபாய் வட்டி என்பதால் 5,000-க்கு முதல் மாசம் 50 ரூபாய்தான். கடன் ரெண்டும் ஒரே பண்டிகைக்கு வாங்கினது.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இதையெல்லாம் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தது. மூன்று வருஷம் வரை ஜெயில், 30,000 ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. ஆனால் கொடுக்கிறவர் பக்கத்துத் தெருக்காரர், பங்காளி முறை, அவசரத்துக்கு உதவுகிறவர் என்னும்போது யார் போய்ப் புகார் கொடுப்பார்கள்? சட்டம் இருப்பது தெரிந்திருக்கட்டும், மிரட்டல் வந்தால் பயன்படும். கடன் வாங்காமல் இருக்கிற வழியைக் குழுதான் பார்க்க வேண்டும்.

"முழுசையும் குழுவிலேயே வாங்கியிருக்கலாமே?" என்று நாம் கேட்டோம். கேட்ட பிறகுதான் நம் கேள்வியில் இருந்த தப்பு புரிந்தது. குழுவில் 15 பேர். அக்டோபரில் கையிருப்பு 30,000. பதினைந்து பேருக்கும் அதே வாரத்தில் பணம் வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு இன்னைக்கு ஒருத்தருக்கு, நாளைக்கு இன்னொருத்தருக்கு வரும், உள்கடன் அதைத் தாங்கும். தீபாவளி எல்லோர் வீட்டுக்கும் ஒரே நாளில் வருகிறது. அந்த நாளை உள்கடனால் தாங்க முடியாது. அதனால் பண்டிகைக்கென்று தனிச் சேமிப்பு வேண்டும்.

2026-ல் தீபாவளி நவம்பர் 8. ஜனவரி கடைசியிலிருந்து எண்ணினால் நாற்பது வாரம் இருக்கிறது. வாரம் 200 ரூபாய் போட்டால் 8,000. அதாவது அக்கா பத்து வட்டிக்கு வாங்கிய அதே தொகை. பால் பணத்திலிருந்தோ, பூ பறிக்கிற கூலியிலிருந்தோ 200 எடுக்க முடியுமா என்று பேசினார்கள். பத்துப் பேர் முடியும் என்றார்கள். ஐந்து பேர் நூறுதான் முடியும் என்றார்கள். நூறே போடட்டும், அவர்களுக்கு 4,000 கிடைக்கும். சேமிப்பு எல்லோருக்கும் ஒரே அளவு என்று பழகிவிட்ட குழுக்களுக்கு இது கஷ்டமாக இருக்கும். ஆனால் பண்டிகைச் சேமிப்புக்குத் தனிப் பேரேடு போட்டால் குழப்பம் வராது.

இந்தப் பணம் ஊக்குநர் வீட்டு டப்பாவில் இருக்கக் கூடாது. வாரா வாரம் குழுவின் வங்கிக் கணக்கில் கட்டி, தீர்மானப் புத்தகத்திலும் எழுத வேண்டும். ஆகஸ்ட் வரை இதே பணத்தை விதைக்கும், ஜூன் மாதப் பள்ளிச் செலவுக்கும், புளி வாங்கி விற்கவும் உள்கடனாகச் சுற்றலாம். செப்டம்பருக்குள் திரும்ப வந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள். 1989 செப்டம்பரில் தமிழ்நாட்டு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் நம் தருமபுரியில் முதல் குழுக்களைத் தொடங்கியபோதும் சொந்தச் சேமிப்பு, அதிலிருந்து உள்கடன் என்பதுதான் அடிப்படை. நாம் புதிதாக எதையும் சொல்லவில்லை.

"எதுக்குக்கா இவ்வளவு, தீபாவளிச் சீட்டுல போட்டுட்டா பலகாரமும் பட்டாசும் வீட்டுக்கே வந்துடும்" என்றார் ஒருவர். சீட்டு நடத்த 1982-ஆம் வருஷச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு வேண்டும். முறைப்படுத்தப்படாத டெபாசிட் வசூலை 2019 சட்டம் தடை செய்திருக்கிறது. பதிவுச் சான்றைக் கேளுங்கள். "என் மேல நம்பிக்கை இல்லையா" என்று பதில் வந்தால் அந்தச் சீட்டு வேண்டாம்.

இதுவரை பணக்கணக்கு. வேலைக்கணக்கையும் கொஞ்சம் பார்த்தோம். கச்சாயத்துக்கு அரிசி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, பாகு காய்ச்சி, மாவை வைத்திருந்து சுட ரெண்டு நாள். முறுக்கும் எள்ளடையும் ஒரு நாள். தீபாவளியன்று விடியக்காலை மூணு மணிக்கு எழுந்தது. பொங்கலுக்கு நாலு நாள், வந்துபோன சொந்தம் பதினெட்டுப் பேர். "எந்த வேளை உட்கார்ந்து சாப்பிட்டீங்க?" என்று கேட்டதற்கு, "எங்கம்மா வீட்டுக்குப் போனேன் பாருங்க, அன்னைக்கு மத்தியானம்" என்றார். அம்மா வீட்டில் பரிமாறினது யார் என்று நாம் கேட்கவில்லை. அண்ணிதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த அண்ணி நம் கூட்டமைப்பிலேயே வேறொரு குழுவில் இருக்கிறார். மறுவாரம் கூட்டமைப்புக் கூட்டத்தில் இதே பாடத்தை நடத்தினோம். அண்ணி தன் வீட்டுக் கணக்கைச் சொல்ல எழுந்தார். "நாத்தனாருக்குப் பொங்கச் சீரு, சீலை, அரிசி, வெல்லம், கையில ஐநூறு. மொத்தம் ரெண்டாயிரத்து ஐநூறு. என் கம்மலை வெச்சுத்தான் கொடுத்தோம்" என்றார். நம் அக்கா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். "எங்கண்ணன் எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார், வேறெதுவும் பேசவில்லை.

அவர் தன் தோட்டை அடகு வைத்த பணத்தில் 2,500 நாத்தனார் வீட்டுக்குப் போனது. அண்ணியின் கம்மல் அடகுக்குப் போய், 2,500 இவர் வீட்டுக்கு வந்தது. கொடுத்ததும் வாங்கினதும் சரிக்குச் சரி. ரெண்டு வீட்டிலும் அடகு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. சீர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அண்ணன் வாசலில் வந்து நிற்பது ஒரு பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் எவ்வளவு பெரிய பலம் என்பது நமக்கும் தெரியும். அவர் வருவதற்குக் கம்மல் அடகுக்குப் போக வேண்டுமா என்பதுதான் கேள்வி. கூட்டம் முடிந்ததும் ரெண்டு பேரும் வராந்தாவில் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். அடுத்த பொங்கலுக்கு ஒரு படி அரிசி, வெல்லம், மஞ்சள், குங்குமம் போதும், சீலை வேண்டாம் என்று முடிவு செய்ததாகப் பிறகு சொன்னார்கள். ரெண்டு வீட்டுப் பலகாரத்தையும் ஒரே அடுப்பில் சேர்ந்து சுடலாம், எண்ணெயை டின்னாக வாங்கலாம் என்றும் பேசியிருக்கிறார்கள்.

நாத்தனார் பக்கம் அவ்வளவு சுலபமாக இல்லை. "போன வருஷம் வரைக்கும் செஞ்சீங்க, இப்ப என்ன குழுவுல சொல்லிக் கொடுத்துட்டாங்களா?" என்று போனில் கேட்டாராம். அக்காவுக்கு அது வருத்தம்தான். வீட்டுக்காரரும் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு அவர் பெங்களூரிலிருந்து வருவார், நாத்தனாரும் வருவார், மூன்று பேருமாக ஒகேனக்கல் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறார் அக்கா.