மூளைக்குள் நுழைந்த வைரஸ் எவ்வாறு அகல்கிறது?

"காய்ச்சல் தணிந்துவிட்டது, மறதி மட்டும் ஏன் நீங்கவில்லை?" மூளைக்காய்ச்சலிலிருந்து மீள்வோரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

தோலில் வைரஸ் தொற்றிய செல்களை நோய் எதிர்ப்புச் செல்கள் கொன்றுவிடும். அவ்விடத்தில் புதியவை தோன்றும். நரம்புச் செல்கள் அழிந்தால் பெரும்பாலும் மீண்டும் தோன்றுவதில்லை. ஆகவே மூளையில் உடல் வேறொரு வழியையும் கையாள்கிறது. இரத்தத்திலிருந்து அங்கு வரும் டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. பி செல்கள் எதிர்ப்புரதங்களை உருவாக்குகின்றன. சிண்ட்பிஸ் வைரஸ் தொற்றிய எலிகளில், இவ்விரண்டும் நரம்புச் செல்லைக் கொல்லாமலே வைரஸ் பெருக்கத்தை அடக்குவதை ஆய்வாளர்கள் கண்டனர்.

எனினும் வைரஸாலும் அழற்சி வீக்கத்தாலும் சில செல்கள் அழியக்கூடும். ஹெர்பிஸ் வைரஸ் நினைவாற்றலுக்குரிய பகுதியையே பெரிதும் தாக்குகிறது. அதற்குரிய அசைக்ளோவிர் வைரஸ் பெருகுவதைத் தடுத்து எதிர்ப்புச் செல்களுக்குத் துணைநிற்கிறது. எனவேதான் காய்ச்சல் தணிந்த பின்னரும் 14 முதல் 21 நாள்கள் வரை அம்மருந்தைச் சிரை வழியே செலுத்துகிறோம்.

வைரஸ் அகல்வது ஒன்று. மூளை தேறுவது மற்றொன்று. பின்னதற்கு மாதங்கள் ஆகலாம். மறதியும் சினமும் நோயின் எச்சங்களே, நோயாளியின் குற்றமல்ல. வலிப்போ புதிய குழப்பமோ தோன்றினால் உடனே அழைத்து வாருங்கள்.