பின்கதவில் பெரிய சில்லு: பாரமும் தூரமும்

படலையில் ஏறி நின்று ஆடும் பிள்ளையை வீட்டுப் பெரியவர்கள் உடனே ஏசுவார்கள். பிள்ளை அப்படியொன்றும் பாரமில்லை. ஆனால் பிணைச்சல் பக்கம் நின்றால் அசையாத படலை, மறு நுனியில் நின்றால் சரிந்துவிடும். சரிந்த படலை நிலத்தில் இழுபடும். பிறகு ஒழுங்காகப் பூட்டாது. கிராமத்தில் எல்லோரும் அறிந்த இந்த உண்மையை, வாகனத்தின் பின்கதவு என்று வரும்போது நாம் மறந்துவிடுகிறோம். எமக்கும் அப்படியே நேர்ந்தது. நடந்ததைச் சொல்லி, அதிலிருந்து கற்றதை இப்பாடத்தில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

நடந்தது என்ன?

எமது கிராம வேலைகளுக்குப் பழைய லான்ட் றோவர் டிபென்டர் 110 வாகனம் ஒன்றையே பாவித்து வருகிறோம். இந்தப் பழைய வகையின் உற்பத்தி 2016 ஜனவரியில் முடிவடைந்தது. 2020 இல் இலங்கைக்கு வாகனங்களை இறக்குவது நிறுத்தப்பட்டது. 2025 இல் மீண்டும் அனுமதி கிடைத்த போதிலும், புதிய வாகனத்தின் விலை எம்போன்றோருக்கு எட்டாதது. ஆகவே உள்ளதைப் பேணிக் காப்பதே வழி.

மாரி காலத்தில் வாகனம் சேற்றில் புதைகிறது என்று நான்கு சில்லுகளுக்கும் பெரிய ரயர் போட்டோம். மேலதிகச் சில்லும் அதே அளவில் இருக்க வேண்டும் என்பதால் ஐந்தாவதையும் வாங்கி, தாங்கியைச் சற்று வெளியே தள்ளி, பின்கதவிலேயே பூட்டினோம். ஆறு மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. அதன்பின் ஒருநாள் சாரதி, "பாதர், பின்கதவு கத்துது. ஒருக்காப் பாக்க வேணும்" என்றார். "கணக்கு முடியட்டும், பாப்பம்" என்றோம். இரண்டு கிழமை கழித்து மறுபடியும் சொன்னார். அதே மறுமொழியைத்தான் கொடுத்தோம்.

அடுத்த கிழமை கிரவல் வீதியொன்றில் வாகனம் பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது, தாங்கி பூட்டியிருந்த கதவுத் தகடு கிழிந்து சில்லு கழன்று உருண்டது. பின்னால் பாடசாலை விட்டுச் சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். வெட்டித் திருப்பிக் கானுக்குள் விழுந்தார்கள். முழங்கைக் காயத்தோடு தப்பினார்கள். ஓர் அடி இங்கால் வந்திருந்தால் இந்தப் பாடத்தை எழுத எமக்கு மனம் வந்திராது.

ரயரின் அளவை வாசிப்போம்

ரயரின் பக்கச்சுவரில் 235/85 ஆர் 16 என்று இருந்தால், 235 என்பது அகலம், மில்லிமீற்றரில். 85 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை வீதம் என்பது. 16 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். இவற்றைக் கூட்டினால் முழு விட்டம் ஏறத்தாழ 806 மில்லிமீற்றர். நாம் போட்ட பெரிய ரயர் 285/75 ஆர் 16. அதன் விட்டம் ஏறத்தாழ 834 மில்லிமீற்றர். அகலத்தில் 50 மில்லிமீற்றரும் விட்டத்தில் 28 மில்லிமீற்றரும் கூடியுள்ளன.

இந்த 28 மில்லிமீற்றர் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு சுற்றுக்குப் பெரிய சில்லு 88 மில்லிமீற்றர் கூடுதலாக ஓடுகிறது. டிபென்டரில் நான்கு சில்லுகளும் எப்போதும் இயந்திரத்தால் சுழற்றப்படுபவை. ஒன்று மட்டும் சிறிதாக இருந்தால் டிபரன்சியல் ஓயாமல் வேலை செய்யும்; சேற்றில் அதைப் பூட்டினால் பற்சில்லுகள் முறுகும். எனவே ரயர் மாற்றினால் ஐந்தையும் ஒரே அளவில் மாற்ற வேண்டும். பெரிய ரயர் போட முடிவு செய்யும்போதே ஐந்தாவதை எங்கே வைப்பது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். நாம் முதலாவதைச் செய்து, இரண்டாவதைத் தள்ளிப்போட்டோம்.

தகடு ஏன் கிழிந்தது?

விபத்தின் பின் நெல் நிறுக்கும் தராசில் நிறுத்துப் பார்த்தோம். பழைய சில்லு தாங்கியோடு 36 கிலோ. புதியது 48 கிலோ. மூன்றில் ஒரு பங்கு கூடியுள்ளது. இவ்வளவுதானே என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் ரயர் அகலமானதால் அது கதவில் உரசாமல் இருக்க வெளியே தள்ள வேண்டியிருந்தது. முன்பு கதவிலிருந்து சில்லின் நடுவுக்கு 12 சென்ரிமீற்றர், இப்போது 15. கதவுத் தகட்டை வளைக்கும் விசை, பாரத்தைத் தூரத்தால் பெருக்க வருவது. 36 ஐ 12 ஆல் பெருக்கினால் 432. 48 ஐ 15 ஆல் பெருக்கினால் 720. அதாவது பாரம் மூன்றில் ஒரு பங்கு கூட, தூரம் நாலில் ஒரு பங்கு கூட, வளைக்கும் விசை மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. படலையின் கணக்கும் இதுதான்.

இது வாகனம் நிற்கும்போது உள்ள கணக்கு. பள்ளத்தில் விழுந்து எழும்பும் கணத்தில் அந்த விசை இரண்டு மூன்று மடங்காகும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் பல தடவை வளைத்தால் ஒடிவது போல, தகடும் நாளடைவில் களைத்து ஆணித் துவாரத்தின் ஓரத்தில் வெடிக்கிறது. டிபென்டரின் பின்கதவு, இரும்புச் சட்டத்தின்மேல் மெல்லிய அலுமினியத் தகடு போர்த்தியது. அது தன் அளவுச் சில்லையே கஷ்டப்பட்டுத்தான் சுமக்கிறது.

எங்கே வைக்கலாம்?

1. தேவைதானா என்று முதலில் கேட்போம். 806 மில்லிமீற்றர் ரயரே எமது வீதிகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். நல்ல பூவுள்ள ரயரும் சரியான காற்றும் பல இடங்களில் பெரிய ரயரின் வேலையைச் செய்யும்.

2. கூரையில் வைத்தால் கதவு தப்பும். ஆனால் 48 கிலோ உயரத்தில் இருப்பதால் வளைவிலும் சரிவிலும் வாகனம் புரளும் ஆபத்து கூடும். ஒருவர் தனியே இறக்கவும் முடியாது.

3. முன் மூடியில் வைப்பது பழைய லான்ட் றோவர்களில் இருந்த வழக்கம். பெரிய சில்லு சாரதியின் பார்வையை மறைக்கும். குறுக்கே வரும் பிள்ளை தெரியாது.

4. உள்ளே வைத்தால் இடம் போகும். அத்துடன் தரையோடு இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டாத சில்லு சடுதியாகத் தடை போடும்போது முன்னால் இருப்பவர்மேல் பாயும்.

5. தனித் தாங்கி: சட்டகத்தின் பின் குறுக்குவளையில் ஒரு பக்கம் பிணைச்சல், மறுபக்கம் பூட்டு வைத்து, கதவைத் தொடாமல் திறக்கும் இரும்புக் கை. பாரம் முழுவதையும் சட்டகமே சுமக்கும். பெரிய சில்லுக்கு இதுவே தகுந்தது. நாம் இப்போது இதையே செய்துள்ளோம்.

தனித் தாங்கி செய்விக்கும்போது

பிணைச்சல் தண்டு தடித்ததாகவும், கிறீஸ் அடிக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். பூட்டு ஒன்று போதாது. அது தவறினாலும் பிடித்துக்கொள்ள ஒரு முளை ஆணியும் வேண்டும். சரிவில் திறக்கும்போது கை தானாகச் சுழன்று ஆளை அடிக்காதபடி, திறந்த நிலையில் நிறுத்தும் கொளுக்கி வையுங்கள். சில்லு ஆடாதபடி ரயரை அழுத்தும் இரண்டு இறப்பர்க் கட்டைகள் வையுங்கள். இலக்கத் தகடும் பின் விளக்குகளும் மறைந்தால் அவற்றை இடம்மாற்றுங்கள். மின்சாரத்தால் ஒட்டு வேலை செய்யுமுன் பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

மேலும் ஒன்று. இத்தாங்கியை வெளியிலிருந்துதான் திறக்கலாம். பின் ஆசனத்தில் இருப்பவர்கள் தாமாகப் பின்கதவால் இறங்க முடியாது. ஏறும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

தன் அளவுச் சில்லைக் கதவிலேயே வைத்திருப்போர் கதவின் உட்புறம் அகலமான இரும்புத் தகடு வைத்துப் பாரத்தைப் பரப்பலாம். ஆனால் இரும்பும் அலுமினியமும் நேரே தொட்டால், விசேடமாக உப்புக் காற்றுள்ள கரையோரத்தில், அலுமினியம் அரித்துப் போகும். இடையில் இறப்பர் அல்லது தடித்த பூச்சு வேண்டும்.

மாதம் ஒருமுறை

கதவைப் பாதி திறந்து நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். அசைந்தால் பிணைச்சல் தேய்ந்துள்ளது. ஆணிகளை இறுக்கிப் பாருங்கள். வெடிப்புச் சந்தேகமான இடத்தில் பூச்சைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் விட்டு நன்றாகத் துடைத்து, சோக்குத் தூள் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் அதிலிருந்து எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். சிறு வெடிப்பானால் அதன் நுனியில் சிறு துவாரம் இட்டால் மேலும் ஓடுவது தாமதிக்கும். ஆனால் திருத்தும்வரை சில்லைக் கழற்றி வைப்பதே புத்தி.

இவை எல்லாவற்றிலும் பெரிய சோதனை, வாகனத்தை ஓட்டுபவரின் காது. எமது வாகனத்தில் கதவு கத்தியதை முதலில் கேட்டவர் சாரதி. அவர் இரு தடவை சொன்னார். எம்மிடம் பேனையும் கணக்குப் புத்தகமும் இருந்தன, கேட்கும் நேரம் இருக்கவில்லை. இப்போது எமது வாகனத்தில் ஒரு கொப்பி வைத்துள்ளோம். சாரதி எழுதும் குறையை அன்றே பார்க்க வேண்டும். பார்க்கும்வரை வாகனம் வெளியே போகாது. தாங்கிக்குச் செலவான பணத்தைவிட அந்தக் கொப்பியே எமக்குப் பயன் தந்துள்ளது.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் வாகனத்திலோ உழவு இயந்திரத்திலோ, அளவுக்கு மீறிய பாரத்தைத் தாங்கும் பகுதி எது? அந்தப் பாரம் பிடிக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது?

2. ஒன்றைப் பெரிதாக மாற்றியபோது, அதைச் சுமக்கும் பகுதியையும் மாற்ற மறந்த அனுபவம் உண்டா?

3. உங்கள் வேலைத்தளத்தில் குறையை முதலில் அறிபவர் யார்? அவர் சொல்வதைக் கேட்க என்ன ஒழுங்கு உள்ளது?