முகம் மங்கியது ஏன்?

கொச்சி வெளியில் உள்ள தோபிகானாவை நம் வாசகர்கள் அறிவார்கள். டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். முட்டி வலியால் அடுத்த மாதத்தோடு தொழிலை விடுகிறேன் என்று அவர் சொன்னதும், துவைகல் அருகே அவரைப் படமெடுக்க மட்டாஞ்சேரி வீட்டிலிருந்து கேமராவுடன் போனேன். கேமரா டி.எஸ்.எல்.ஆர்.; லென்ஸோ அதே நிறுவனத்துடையது அல்ல. விலை குறைவென்று வேறு நிறுவனத்தின் 85 மி.மீ. லென்ஸ் வாங்கியிருந்தேன்.

நாற்பது படங்கள் எடுத்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றில்கூட அப்பாவின் கண்கள் தெளிவாக இல்லை. “மலிவு லென்ஸ், வேறென்ன?” என்றான் தம்பி. ஆனால் காதோரத்து நரைமுடி மட்டும் இழை இழையாகத் தெரிந்தது. லென்ஸே மட்டமென்றால் முடி எப்படித் தெளியும்?

அங்கிருந்துதான் காரணம் பிடிபட்டது. எஃப் 1.8 துளையில், 2 மீட்டர் தூரத்தில், 85 மி.மீ. லென்ஸுக்குத் தெளிவான ஆழம் முழுச்சட்டக் கேமராவில் சுமார் 6 செ.மீ. மட்டுமே. ஃபோகஸ் சற்றுப் பின்னால் விழுந்தாலும் கண் மங்கி, காது தெளியும்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் வரிசையாகச் சோதியுங்கள்.

முதலில் கை நடுக்கத்தை நீக்குங்கள். கேமராவை முக்காலியில் வைத்து, நடுக்கம் தடுக்கும் வசதியை அணைத்து, 2 விநாடி டைமரில் எடுங்கள். படம் தெளிந்தால் குற்றம் கையினுடையது.

அடுத்து, ஐந்து தீப்பெட்டிகளைச் சாய்வான வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, நடுப்பெட்டியில் ஃபோகஸ் செய்து, துளையை முழுதாகத் திறந்து பத்து முறை எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மீண்டும் பிடியுங்கள். எப்போதும் பின்பெட்டியே தெளிந்தால் பின்னால் விழுகிறது. முன்பெட்டி என்றால் முன்னால். ஒரு முறை முன், ஒரு முறை பின் என்று மாறினால் அளவைத் திருத்திப் பயனில்லை, பழுதுபார்க்கத்தான் கொடுக்க வேண்டும்.

பிறகு அதே காட்சியைத் திரை பார்த்து எடுங்கள். டி.எஸ்.எல்.ஆரில் கண்வழி பார்க்கும்போது தனி உணரி ஃபோகஸை அளக்கிறது. திரை பார்க்கும்போது படம் பதியும் உணரியே அளக்கிறது. திரைவழி மட்டும் தெளிந்தால் லென்ஸ் கண்ணாடி நல்லதே. இரண்டுக்கும் இடையிலுள்ள ஒத்திசைவுதான் பிசகியிருக்கிறது. கேமரா மெனுவில் ஃபோகஸ் நுண்திருத்தம் இருந்தால், பின்னால் விழுவதற்கு மைனஸ் பக்கம் திருத்துங்கள். மிரர்லெஸ் கேமராக்களில் இந்தப் பிசகு பெரும்பாலும் வருவதில்லை.

இரண்டு வழியிலும் மங்கலா? செங்கல் சுவரை நேராக நின்று எடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே ஒரு கண்ணாடி கோணியிருக்கலாம். மாற்றித் தரச் சொல்லுங்கள். படம் முழுதும் வெளுத்திருந்தால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது சகஜம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லுடன் வையுங்கள்.

என் கேமராவில் மைனஸ் 12 வைத்ததும் சரியாயிற்று. மறுவாரமே போனேன். “அன்னைக்கு எடுத்தது போதாதாடா?” என்று சலித்துக்கொண்டே அப்பா கல்லருகே நின்றார். இம்முறை கண்கள் தெளிந்தன. அவர் தொழிலை விட்டபின் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? ஆகவே புது லென்ஸ் வாங்கியதும், வீட்டு விசேஷத்துக்கு முன்பே, திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் தீப்பெட்டிச் சோதனையை முடித்துவிடுங்கள்.